பெனாபோல் வாசலில் காத்திருக்கும் லொறிகள்

வெங்காயம் உரித்தால் கண்ணீர் வருவது எல்லா வீட்டுச் சமையலறையிலும் நடப்பதுதான். ஆனால் 2019 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதக் கடைசியில் வெங்காயத்தை உரிக்காமலே கண்ணீர் விட்ட நாடுகள் உண்டு. அவற்றுள் ஒன்று நமது இலங்கை, மற்றொன்று பங்களாதேஷ். அம்மாதம் 29 ஆம் திகதி இந்தியா பெரிய வெங்காயத்தின் ஏற்றுமதியைத் தடை செய்தது. நமக்கு அந்த வெங்காயம் கப்பலில் வருகிறது. பங்களாதேஷுக்கோ பெரும்பாலும் லொறியில் போகிறது. அங்கே சில வாரங்களுக்குள் ஒரு கிலோவின் விலை இருநூறு டாக்காவைத் தாண்டியது. தூர தேசங்களிலிருந்து விமானத்தில் வெங்காயம் கொண்டுவந்து இறக்கினார்கள். அப்போதைய பிரதமர் ஷேக் ஹசீனா டில்லியில் ஒரு கூட்டத்தில் பேசும்போது, இனி வெங்காயம் போடாமல் சமைக்கும்படி தமது சமையற்காரரிடம் சொல்லிவிட்டதாக வேடிக்கையாகக் கூறினார். சிரிப்புக்குள் ஒரு மனக்குறையும் இருந்தது.

அந்த வெங்காயம் எந்த வழியால் போகிறது, அதைச் சுமக்கும் லொறிக்கும் சாரதிக்கும் என்ன நடக்கிறது என்பதை நாம் யோசிப்பதில்லை. இந்தியாவுக்கும் பங்களாதேஷுக்கும் இடையில் தரைவழி வாசல்கள் பல இருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியது பெட்ராபோல் - பெனாபோல். மேற்கு வங்காளத்தின் பொன்காவ் நகருக்கு அப்பால் இந்தியப் பக்கம் பெட்ராபோல். வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் யசோர் மாவட்டத்துப் பெனாபோல். இரு நாடுகளின் தரைவழி வர்த்தகத்தில் ஏறத்தாழ 30 வீதம் இந்த ஒரு வாசலால்தான் நடந்து வந்திருக்கிறது.

யசோர் வீதி

2019 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டாக்காவுக்குப் போகும் வழியில் இந்த வீதியால் நான் பயணம் செய்தேன். கொல்கத்தாவிலிருந்து எல்லை வரை சுமார் 80 கிலோமீற்றர். பாராசாத், ஹாப்ரா என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். பெயர் யசோர் வீதி. இருபுறமும் நூறு வருடங்களுக்கும் மேல் வயதான பெரிய மரங்கள் கிளை பரப்பி, வெயில் விழாத கூரை போல நிற்கும். யசோரில் இருந்த ஒரு ஜமீன்தார், தமது தாயார் கங்கைக்கு நீராடப் போவதற்காக இந்த வீதியை அமைத்து நிழலுக்கு மரம் நட்டார் என்று அப்பகுதியில் கதை சொல்கிறார்கள். தாய்க்காகப் போட்ட நிழலில் இன்று லொறிகள் நிற்கின்றன. வீதி ஒடுக்கமானது, வாகனமோ கணக்கில்லாதது. ரயில் பாதைகளுக்கு மேலாகப் பாலம் கட்டுவதற்காக முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்ட 2023 பெப்ரவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அனுமதி வழங்கியது. அதை எதிர்த்து ஊர் மக்கள் வருடக்கணக்காக வழக்காடியிருந்தார்கள்.

பொன்காவ் நெருங்க நெருங்க வீதியோரம் லொறிகளின் வரிசை தொடங்கிவிடும். தறப்பாளால் மூடிக் கயிறு கட்டிய லொறிகள். அவற்றின் நிழலில் மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டிச் சோறாக்கும் சாரதிகள். சக்கரத்துக்கும் மரத்துக்கும் இடையே கட்டிய கொடியில் காயும் சாரம், துவாய். ஒரு நாள் இரண்டு நாள் தங்குபவர் கொடி கட்டமாட்டார். அந்தக் கொடியைப் பார்த்ததுமே இவர்கள் இங்கே குடியிருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.

எல்லையை நான் நடந்துதான் கடந்தேன். அந்தப் பக்கம் போனதும் பாஷை மாறவில்லை. கடைப் பலகையில் எழுத்தும் மாறவில்லை. இரண்டு பக்கமும் வங்காளம்தான். மாறியது கடிகாரம் மட்டுமே. இந்தியாவின் நேரமும் நமது நேரமும் ஒன்று. பங்களாதேஷின் நேரம் அரை மணித்தியாலம் முந்தியது. நடந்து போகிறவருக்கு இந்த வாசல் அரை மணித்தியால வித்தியாசம். லொறிக்கு அது எத்தனை நாள் என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

ஒரு மாவட்டம் இரண்டான கதை

1947 க்கு முன்னர் பொன்காவும் யசோர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அவ்வருடம் ஆகஸ்டில் ராட்கிளிஃப் என்ற ஆங்கில வழக்கறிஞர் வரைந்த கோடு அந்த மாவட்டத்தையே கிழித்துக்கொண்டு போனது. பொன்காவ் இந்தியாவுக்கும் யசோர் நகரம் கிழக்குப் பாகிஸ்தானுக்கும் சென்றன. சந்தைக்கு மாட்டுவண்டியில் போய்வந்த ஊர்களுக்கிடையே சுங்கம் வந்தது. 1971 யுத்தத்தின்போது இதே வீதியால்தான் இலட்சக்கணக்கான அகதிகள் பிள்ளைகளைச் சுமந்தபடி மேற்கு நோக்கி நடந்தார்கள். பங்களாதேஷ் பிறந்த பின் வர்த்தகம் வளர்ந்தது. ஆனால் ஒரு நாட்டு லொறி மற்ற நாட்டு வீதியில் சுதந்திரமாக ஓடுவதற்கு வழி பிறக்கவில்லை.

ஒரு நூல் மூட்டையின் பயணம்

விளங்கிக்கொள்வதற்காக, 2025 ஏப்ரலுக்கு முன்னர் இந்த வாசலால் போன ஒரு மூட்டை நூலை எடுத்துக்கொள்வோம். டாக்காவைச் சுற்றியுள்ள காஸிப்பூர், நாராயண்கஞ்ச் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். நமது கட்டுநாயக்க, பியகம ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் போன்றவர்கள்தான். அவர்கள் தைக்கும் துணிக்கு வேண்டிய நூலில் ஒரு பெரிய பங்கு இந்தியாவிலிருந்து போவது.

குஜராத்திலிருந்து ஒரு லொறி நூல் ஏற்றிப் பொன்காவுக்கு வந்து சேர்கிறது. உடனே எல்லைக்குப் போக முடியாது. முதலில் தரிப்பிடத்தில் வரிசை. சில சமயம் ஒரு வாரம், சில சமயம் மூன்று வாரம். தூர மாநில லொறி அவ்வளவு நாள் நின்றால் கட்டுப்படியாகாது என்பதால் அங்கேயே உள்ளூர் லொறிக்குச் சாமானை மாற்றுவதும் வழக்கம். அது முதல் இறக்கம். பிறகு பெட்ராபோல் சுங்க வளாகம். 2016 ஆம் ஆண்டு இந்தியா அங்கே பெரிய வளாகம் ஒன்றைத் திறந்தது. பத்திரம் சரி பார்த்த பின் ‘கார் பாஸ்’ என்ற அனுமதிச் சீட்டுடன் லொறி கோட்டைத் தாண்டிப் பெனாபோல் துறைமுக முற்றத்துக்குள் நுழைகிறது. துறைமுகம் என்றதும் கடலைத் தேட வேண்டாம். அங்கே தரையில் உள்ள வாசலையும் துறைமுகம் என்றுதான் சொல்வார்கள்.

இந்திய லொறியின் பயணம் அந்த முற்றத்தோடு முடிந்தது. அதற்கப்பால் ஓர் அடி போக அதற்கு உரிமையில்லை. மூட்டைகளைத் தலைச்சுமையாக இறக்குகிறார்கள். கிட்டங்கியில் அடுக்குகிறார்கள். பிறகு பங்களாதேஷ் லொறி வந்து ஏற்றிக்கொண்டு டாக்காவுக்குப் புறப்படும். இந்திய லொறி அநேகமாக வெறுமையாகவே திரும்பும். பங்களாதேஷிலிருந்து ஆடையோ சணலோ கொண்டுவந்த லொறிக்கும் இதே விதிதான் இருந்தது. அது பெட்ராபோலில் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது.

2021 ஆம் ஆண்டு உலக வங்கி வெளியிட்ட ஆய்வொன்று இந்த வாசலைக் கடக்க 138 மணித்தியாலம் ஆகிறது என்று கணக்கிட்டது. அதில் 28 மணித்தியாலம் ஒரு லொறியிலிருந்து மறு லொறிக்குச் சாமான் மாற்றுவதற்கு மட்டும். இதே அளவு லொறிகள் கடக்கும் கிழக்கு ஆபிரிக்க எல்லைகளில் ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவாகவே எடுக்கிறதாம். அங்கே கென்யாவில் ஏற்றிய லொறி, சாமானை இறக்காமல், உகண்டாவின் கம்பாலா வரை ஓடுகிறது.

ஏன் ஒரே லொறி போகக் கூடாது?

இந்தக் கேள்வி எல்லோருக்கும் எழும். அரசாங்கங்களுக்கும் எழுந்தது. 2015 ஜூன் 15 ஆம் திகதி பூட்டானின் தலைநகர் திம்புவில் பங்களாதேஷ், பூட்டான், இந்தியா, நேபாளம் ஆகிய நான்கு நாடுகளும் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டின் வாகனம் மற்ற நாடுகளின் வீதியிலும் ஓடலாம் என்பதே அதன் சாரம். அதே வருடம் நவம்பரில் கொல்கத்தாவில் ஏற்றிய சாமான் டாக்கா வழியாகத் திரிபுராவின் அகர்தலாவுக்குப் பரீட்சார்த்தமாகப் போய்ச் சேர்ந்தது. இந்தியாவுக்குள்ளேயே வடக்கே சுற்றிப் போனால் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீற்றருக்கும் அதிகம். பங்களாதேஷை ஊடறுத்துப் போனால் அதில் பாதியும் இல்லை. 2016 இல் பங்களாதேஷ் லொறி ஒன்று ஆடைகளை ஏற்றிக்கொண்டு டாக்காவிலிருந்து இந்த வாசல் வழியாகவே டில்லி வரை ஓடிக் காட்டியது.

ஓடிக் காட்டியதோடு சரி. 2016 நவம்பரில் பூட்டானின் மேற்சபை இந்த உடன்படிக்கையை நிராகரித்துவிட்டது. பூட்டான் சிறிய நாடு. வீதிகளோ மலையைச் சுற்றிச் செல்லும் ஒடுங்கிய வீதிகள். பெரிய நாடுகளின் லொறிகள் பெருந்தொகையாக வந்தால் எங்கள் லொறிக்காரர் எப்படிப் பிழைப்பது, எங்கள் மலையின் காற்று என்னாவது என்று அங்குள்ளவர்கள் கேட்டார்கள். பிறகு நாங்கள் இல்லாமலே மற்ற மூவரும் தொடங்குங்கள் என்று பூட்டான் சொல்லியது.

இதே பயத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். பூட்டான் லொறிகள் ஆற்றுக் கற்களை ஏற்றி இந்தியா ஊடாகப் பங்களாதேஷுக்குக் கொண்டுபோகின்றன. சிலிகுரிக்கு அருகே புல்பாரி எல்லையில், எங்கள் வாடகையை இவர்கள் பறிக்கிறார்கள் என்று இந்திய உள்ளூர் லொறிக்காரர்கள் போராட்டம் நடத்தியதுண்டு. ஆக, பெரிய நாடு வந்துவிடும் என்று சிறிய நாடு பயப்படுகிறது. சிறிய நாட்டு லொறியைப் பார்த்துப் பெரிய நாட்டின் லொறிக்காரரும் பயப்படுகிறார். பயம் நாட்டின் அளவைப் பார்த்து வருவதில்லை. கடன் வாங்கி ஒரு லொறி வாங்கியவருக்கு, அந்த ஒரு லொறிக்கு நாளைக்கு வாடகை கிடைக்குமா என்பதே கவலை.

காத்திருப்பில் பிழைப்பவர்கள்

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தாமதம் எல்லோருக்கும் நட்டம் என்றால் அது என்றோ ஒழிந்திருக்கும். தாமதத்தால் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள். பொன்காவில் தரிப்பிடம் வைத்திருப்பவர், சாமான் மாற்றும் உள்ளூர் லொறிக்காரர், பத்திரம் எழுதுபவர், தேநீர்க் கடைக்காரர், பெனாபோலில் மூட்டை சுமக்கும் தொழிலாளி எனப் பல ஆயிரம் குடும்பங்களின் உலையில் அந்த வரிசையால்தான் அரிசி விழுகிறது.

கொழும்பு புறக்கோட்டையில் நாட்டாமைகள் என்று சொல்வோமே, அவர்களைப் போன்றவர்கள்தான் பெனாபோலில் தலைச்சுமை தூக்குபவர்கள். அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. நூல், இரசாயனம், இயந்திரப் பாகம், மிளகாய், பருத்தி எல்லாம் அவர்கள் தலையாலும் தோளாலும் மாறி வந்திருக்கின்றன. நாளைக்கே ஒரு லொறி இறக்காமல் ஏற்றாமல் டாக்கா வரை போகுமானால், உலக வங்கியின் கணக்கில் 28 மணித்தியாலம் மிச்சம். அந்த 28 மணித்தியாலம்தான் நாட்டாமையின் கூலி.

சாரதியின் நிலை வேறு. அவருக்குக் கொடுப்பனவு பெரும்பாலும் பயணக் கணக்கில். நாள் கணக்கில் அல்ல. வரிசையில் நின்ற நாட்களுக்குச் சாப்பாட்டுச் செலவு வரும், சம்பளம் வராது. எல்லை தாண்டும் சாரதியிடம் கடவுச்சீட்டோ விசாவோ இல்லை, சீட்டு ஒன்றுதான். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு துறைமுக முற்றத்தை விட்டு வெளியே காலடி வைக்க முடியாது. சாமான் இறங்கத் தாமதமானால் அந்நிய நாட்டில் லொறிக்குள்ளேயே இரவுகள் கழியும். குளிக்க இடம், மலசலகூடம், நல்ல தண்ணீர் என்பவைதாம் அவர்களின் பழைய முறைப்பாடுகள். 2024 நவம்பரில் பெனாபோலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லொறிகள் நிற்கக்கூடிய புதிய தரிப்பிடம் திறக்கப்பட்டது. அதற்கு முந்திய மாதம் பெட்ராபோலில் ‘மைத்ரி துவார்’ எனும் சரக்கு வாயில் திறக்கப்பட்டது. நட்பின் வாசல் என்று பொருள். வாசல் அகலமானது நல்லதுதான்.

தொழிலாளர் போராட்டமும் இந்த வாசலுக்குப் புதிதல்ல. 2022 ஜனவரி 31 ஆம் திகதி பெட்ராபோலில் லொறிக்காரர், சுமை தூக்குவோர், பத்திர வேலை செய்வோர் எல்லோரும் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வளாகத்துக்குள் நுழைவதற்குக் கொண்டுவந்த புதிய கட்டுப்பாடுகளே காரணம். கடத்தலைத் தடுக்கவே கட்டுப்பாடு என்றது எல்லைக் காவல் தரப்பு. வருடக்கணக்காக வேலை செய்த எங்களைத் திடீரென்று வெளியே நிறுத்தினால் எங்கள் பிள்ளைகள் என்ன சாப்பிடுவார்கள் என்றனர் தொழிலாளர். சில நாட்கள் சாமான் எதுவும் அசையவில்லை. அதே வருடம் மேற்கு வங்க அரசு, வரிசைக்கு முன்கூட்டியே பதிவு செய்யும் ‘சுவிதா’ என்ற முறையைக் கொண்டுவந்தது. காத்திருப்பு குறைந்தது. கட்டணம் அதிகம் என்ற குறை பிறந்தது.

நீ எடுக்காவிட்டால் நானும் எடுக்கேன்

2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இந்த வாசலும் அடைபட்டது. ஏப்ரல் கடைசியில் வெள்ளைக் கோட்டில் வைத்தே சாமான் மாற்றிப் பார்த்தார்கள். எல்லைக்குப் போய்வருபவரால் நோய் பரவும் என்று ஊர் மக்கள் மறிக்க, அதுவும் இரண்டு மூன்று நாளில் நின்றது. ஆயிரக்கணக்கான லொறிகள் சாமானோடு பொன்காவில் அடைபட்டுக் கிடந்தன. ஜூன் முற்பகுதியில் இந்தியச் சாமான் போகத் தொடங்கியது. ஆனால் பங்களாதேஷ் லொறிகள் வர அனுமதி கிடைக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்த பெனாபோல் வர்த்தகர்கள் ஜூலை 1 ஆம் திகதி, எங்கள் சாமானை நீங்கள் எடுக்காவிட்டால் உங்கள் சாமானை நாங்களும் எடுக்கமாட்டோம் என்று மறித்துவிட்டார்கள். ஐந்தாம் திகதி இரு பக்கமும் திறந்தது. நான்கே நாளில் தீர்ந்த பிரச்சினையை அதற்கு முன் மூன்று மாதமாக ஏன் தீர்க்க முடியவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

அதே வருடம் செப்டெம்பர் 14 ஆம் திகதி மறுபடியும் வெங்காயத் தடை. இம்முறை ஏற்கெனவே ஏற்றிய லொறிகளும் எல்லையில் நிறுத்தப்பட்டன. சில நாட்களின் பின் 25,000 தொன் அளவுக்கு இந்தியா விட்டுக்கொடுத்தது. அதற்குள் தறப்பாளுக்குக் கீழ் வெங்காயம் அழுகத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் விளைவித்த விவசாயிக்கும் நட்டம், பங்களாதேஷில் சமைக்கக் காத்திருந்த பெண்ணுக்கும் நட்டம்.

2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறிய பின் உறவு கசந்தது. 2025 ஏப்ரல் 8 ஆம் திகதி, பங்களாதேஷின் ஏற்றுமதிச் சாமான் இந்திய விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாட்டுக்குப் போகும் வசதியை இந்தியா நிறுத்தியது. அதே மாதம் பெனாபோல் உட்பட்ட தரை வாசல்களால் நூல் இறக்குவதைப் பங்களாதேஷ் நிறுத்தியது. மே 17 ஆம் திகதி, பங்களாதேஷின் தைத்த ஆடைகள் கொல்கத்தா, மும்பைக்கு அருகிலுள்ள நவசேவா ஆகிய கடல் துறைமுகங்களால் மட்டுமே வரலாம் என்று இந்தியா கட்டளையிட்டது. ஆடை ஏற்றிய லொறிகள் பெனாபோலில் நின்றுவிட்டன. நூலும் ஆடையும் நின்றால் அந்த நாட்டாமையின் தலைக்கு என்ன சுமை மிஞ்சும்? அவரை யாரும் கேட்டு முடிவெடுக்கவில்லை.

என்ன செய்யலாம்?

சகோதரிகளே, இதில் ஒரு பக்கத்தை மட்டும் குற்றம் சொல்வது எளிது. எல்லையைத் திறந்துவிட்டால் எல்லாம் சரி என்பவர், சுமை தூக்கிப் பிழைப்பவரை மறந்துவிடுகிறார். சுமை தூக்குபவருக்காக எல்லை இப்படியே இருக்கட்டும் என்பவர், இருபது நாள் வீட்டைப் பிரிந்து கொடியில் சாரம் காயப்போடும் சாரதியை மறந்துவிடுகிறார். இரண்டு பேரும் ஏழைகள்தான். ஒருவரின் தாமதம் மற்றவரின் கூலியாக இருக்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருப்பதுதான் தவறு.

முதலாவது, ஏற்றிய லொறியை நிறுத்தக் கூடாது. தடை போட ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. ஆனால் தடைக்கு முன் புறப்பட்டுவிட்ட சாமானைப் போகவிடுவது நேர்மை. இரண்டாவது, சாரதி காத்திருக்கும் நாளுக்கும் சம்பளம் வேண்டும். காத்திருப்புக்குச் செலவு வந்தால்தான் காக்க வைப்பவருக்கு அவசரம் பிறக்கும். மூன்றாவது, சாமானை இறக்காமல் நேராக ஓடும் லொறிகளைக் கொஞ்சங் கொஞ்சமாக, இரு நாட்டுக்கும் சம எண்ணிக்கையில் அனுமதிக்கலாம். போகும் லொறி திரும்பும்போதும் சாமான் ஏற்றி வருமானால் வாடகையும் குறையும். நான்காவது, அப்படிச் சேமிக்கும் பணத்தில் ஒரு பங்கு பெனாபோல், பெட்ராபோல் தொழிலாளருக்குப் போக வேண்டும். பாரந்தூக்கி இயந்திரம் ஓட்டவும், கிட்டங்கிக் கணக்கு எழுதவும், லொறி திருத்தவும் அவர்களையே பழக்கலாம். முதுகு வளையும் வயதுக்கு முன் அவர்களின் பிள்ளைகளுக்கு வேறு வழி பிறக்கும்.

நாம் கடலால் சூழப்பட்டவர்கள். நமது நாட்டு லொறி எந்த எல்லையையும் கடப்பதில்லை. ஆனாலும் 2019 இல் ஒரே தடை பெனாபோல் வரிசையையும் நமது கடை விலையையும் ஒரே நாளில் தொட்டது. 2023 டிசம்பரிலும் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது. 2024 மே வரை நமது சந்தையில் அதன் சூடு தெரிந்தது. பொருளுக்கு நாம் கொடுக்கும் விலைக்குள் விளைச்சலும் வாடகையும் மட்டுமா இருக்கின்றன? வீதியோரம் நின்ற நாட்களும் அதற்குள் இருக்கின்றன. அந்த நாட்களுக்கான பணத்தை வாங்குபவர் கொடுத்துவிடுகிறார். ஆனால் மரத்தடியில் அடுப்பு மூட்டிக் காத்திருந்த சாரதியின் கைக்கு அது போய்ச் சேருவதில்லை.